பூனைக் காது துடைக்கும் சாமான்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைத் தட்டிலேயே விட்டுவிடலாம்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நாய், பூனைச் சாமான் விற்கும் கடைக்குப் போய், "பூனைக் காது துடைக்க ஏதும் இருக்கா?" என்று கேட்டால் மேசைக்கு வரக்கூடியவை ஐந்து வகை. காதுக்குள் விடும் திரவப் போத்தல், ஈரத் துடைப்பான் பக்கெட், காதுப் பவுடர், உண்ணிக்கென்று சொல்லித் தரும் சின்னச் சொட்டுப் போத்தல், கடைசியாகக் கொட்டன் பட்ஸ். இந்த ஐந்தில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது திரவம்தான். துடைப்பான் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பவுடர் பூனைக்கு வீண். பட்ஸ் ஆபத்து. உண்ணிச் சொட்டை மிருக வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடாது.

அதற்கும் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். சுகமாக இருக்கும் பூனைக்கு இந்த ஐந்தில் ஒன்றுமே தேவையில்லை. செவிப்பறையிலிருந்து வாசல் வரைக்கும் காதுக்குள் இருக்கும் தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். குறும்பியும் அதோடு சேர்ந்து வாசலுக்கு வந்து காய்ந்து உதிர்ந்துவிடும். நாங்கள் கைவைத்தால் அந்த ஓட்டம் தடைப்படும். ஆகவே கடைக்குப் போக முன் காதைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், அல்லது கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, மடலை மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தால் போதும். உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பு, அங்கங்கே மண்ணிறத்தில் மெல்லிய பூச்சு, நாற்றமில்லை, தொட்டால் பூனை கோபப்படவில்லை என்றால் காரியம் முடிந்தது. காசு மிச்சம்.

மடலின் வெளி ஓரத்தில், கீழ்ப்பக்கமாக, தோல் இரண்டாக மடிந்து ஒரு சின்னப் பை மாதிரி இருக்கும். பூனை வளர்க்கத் தொடங்கிய பலர் அதைக் கண்டு காயம், கிழிசல் என்று பயந்து மருந்து தடவுகிறார்கள். அது பிறப்பிலேயே உள்ள அமைப்பு. புழுதி மட்டும் அதற்குள் சேரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே திரியும் பூனையின் அந்த மடிப்பைத் துடைத்தால் பஞ்சில் செம்மண் நிறம் ஒட்டும். அது ஊத்தைதான், நோய் அல்ல.

எந்தச் சாமானையும் மதிப்பிட முன்னம் காதுக் குழாயின் வடிவம் தெரிந்திருக்க வேண்டும். நம்முடைய 'ட' எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மடலின் வாசலிலிருந்து குழாய் முதலில் நேரே கீழே இறங்கும். அடியில் திரும்பித் தலைக்குள் கிடையாகப் போகும். அந்தக் கிடைக்கோட்டின் முடிவில்தான் செவிப்பறை. பட்ஸ் குச்சியை உள்ளே விடுகிறவர் துடைப்பதாக நினைத்துக்கொண்டு செய்வது, கீழே இறங்கும் குழாயில் உள்ள குறும்பியை மூலைக்குத் தள்ளி அடைப்பதைத்தான். குச்சியின் முனையில் கொஞ்சம் ஊத்தை ஒட்டி வரும். அதைப் பார்த்து மனம் திருப்திப்படும். அதைவிடக் கூடுதலானது மூலையில் இறுகிக் கிடக்கும். பூனை திடீரென்று தலையை உதறினால் குச்சி எங்கே போய் இடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு விற்கும் தடித்த தலைப் பட்ஸ் என்றாலும் இதே கதைதான். மடலின் உட்பக்க மடிப்புகளில் ஓட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாசலுக்குக் கீழே வேண்டாம்.

இனித் திரவப் போத்தல். எல்லாம் ஒரே மாதிரி நீல, பச்சை மூடியோடு நிற்கும். உள்ளே இருப்பது வேறு வேறு. லேபிளின் பின்பக்கத்தில் சேர்மானம் எழுதியிருக்கும். அதை நான்கு கூட்டமாகப் பிரித்து வாசித்தால் குழப்பம் தீரும். டொகுசேட் சோடியம், ஸ்குவாலேன், புரொப்பிலீன் கிளைக்கோல் போன்றவை குறும்பியை இளக்கிக் கரைக்க. சாலிசிலிக் அமிலம், லக்டிக் அமிலம் என்பவை செத்த தோலைக் கழற்றி, காதை உலர வைக்க. போரிக் அமிலம், அசற்றிக் அமிலம் இருந்தால் அது பூஞ்சணத்தை அடக்க. ட்ரிஸ் ஈ.டி.டீ.ஏ. என்று எழுதியிருந்தால் அது வேறு ரகம். பக்டீரியாவின் சுவரைப் பலவீனப்படுத்தி, பின்னால் விடும் அன்டிபயோட்டிக் சொட்டு நன்றாக வேலைசெய்ய வழிவிடும் திரவம் அது. குறும்பி கரையாது. "காது கழுவும் மருந்து" என்று கேட்டு அதை வாங்கி வந்துவிட்டு, ஊத்தை போகவில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை.

எங்கள் ஊர்ச் சுவாத்தியத்துக்கு முதல் இரண்டு கூட்டமும் சேர்ந்திருக்கும் போத்தல்தான் பொருத்தம். இளக்குவது மட்டும் உள்ளதை விட்டால் காது நனைந்தபடியே கிடக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் வாவிக்கரை வீடுகளில் துவாயே காயாது, காதுக்குள் விட்ட ஈரம் எப்படிக் காயும்? ஈரமும் சூடும் சேர்ந்தால் மலசீசியா என்ற பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். சாலிசிலிக் அமிலம் சிறிதளவு சேர்ந்த திரவம் ஆவியாகிப் போகும்போது காதையும் உலர்த்திவிட்டுப் போகும். இந்த வகைக்கு எங்கள் முழு ஆதரவு உண்டு.

தட்டில் திருப்பி வைக்க வேண்டியவையும் உண்டு. சேர்மானமே எழுதாத போத்தல் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். எதனோல், ஐசோபுரொப்பைல் அற்ககோல் என்பவை பட்டியலின் முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் வந்தால் வேண்டாம். சொறிந்து புண்ணான தோலில் அது எரியும், அடுத்த முறை போத்தலைக் கண்டவுடனேயே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். டீ ட்ரீ எண்ணெய் சேர்ந்ததை நிச்சயமாக வேண்டாம். "இயற்கை", "மூலிகை" என்று பச்சை இலைப் படத்தோடு வருவதில் இது இருக்கக்கூடும். பூனையின் ஈரலுக்கு இந்த மாதிரி எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் வலு குறைவு. காதிலிருந்து வடிவதைப் பூனை காலால் துடைத்து, காலை நக்கி, அப்படியே வயிற்றுக்குள் அனுப்பும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி உள்ளதை டொக்டர் செவிப்பறையைப் பார்த்துச் சொன்னால் மட்டும் வாங்குங்கள். பறை ஓட்டையாக இருந்து அது நடுக்காதுக்குள் இறங்கினால் கேட்கும் திறனுக்கும் தலையின் சமநிலைக்கும் கேடு. கடைசியாக, முன்பக்கத்தில் நாய்ப் படம் மட்டும் இருந்தால், "பூனைக்கும் பாவிக்கலாம்" என்று லேபிளில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். கடைக்காரத் தம்பி வாயால் சொல்வது போதாது.

அளவு விஷயத்தில் பெரிய போத்தல் லாபம் என்று நினைக்கவேண்டாம். ஒரு பூனைக் காதுக்கு ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றருக்கு மேல் தேவைப்படாது. இரண்டு காதுக்கும் 2 மில்லிலீற்றர். குறும்பி கூடுதலாகச் சுரக்கும் பூனைக்குக் கிழமைக்கு ஒருமுறை கழுவினாலும் 60 மில்லிலீற்றர் போத்தல் 30 கிழமை வரும். 120 வாங்கினால் ஒரு வருடத்துக்கு மேல். மூடி திறந்தபின் எத்தனை மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று லேபிளில் போட்டிருப்பார்கள், அதற்குள் பெரிய போத்தலில் பாதிகூட முடியாது. ஒரே ஒரு பூனை உள்ள வீட்டுக்குச் சின்னதுதான் சரி.

மூக்கு, அதாவது போத்தலின் முனை, இன்னொரு முக்கியமான விஷயம். நாய்க் காதை நினைத்துச் செய்த போத்தல்களின் முனை நீளமாக, கடினமாக இருக்கும். பூனைக் காதுக்குள் அது ஆழமாகப் போய்விடும். குட்டையான மென்மையான முனை தேடுங்கள். கிடைக்காவிட்டால் பாமசியில் ஊசியில்லாமல் 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்கி, திரவத்தைச் சுத்தமான சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, அதிலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சை வாசலுக்கு மேலே பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், அழுத்திப் பீச்சக்கூடாது. கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றவேண்டாம்.

பாவிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். நல்ல போத்தலை வாங்கியும் "வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களில் பலர் தவறுவது இங்கேதான்.

முதலில் திரவத்தின் சூடு. பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த போத்தலை அப்படியே காதுக்குள் ஊற்றினால், உட்காதின் சமநிலை உறுப்பு குழம்பி, பூனை தலைசுற்றித் தள்ளாடும், சில வேளை வாந்தியும் எடுக்கும். போத்தலை மூடியபடியே இளஞ்சூட்டுத் தண்ணீர்க் கோப்பையில் 5 நிமிடம் நிறுத்தி வையுங்கள். உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது.

பூனையை மேசையில் வைத்து, அதன் முதுகு உங்கள் வயிற்றோடு சாயும்படி பிடியுங்கள். முகத்துக்கு நேரே போய் நின்றால் அது பின்வாங்கும், பின்னால் போக இடமில்லை என்றால் ஓட நினைக்காது. பிராண்டும் பூனையானால் துவாயால் கழுத்துக்குக் கீழே சுற்றுங்கள், தலை மட்டும் வெளியே. பிடரியைப் பிடித்துத் தூக்கவேண்டாம். இன்னொருவர் தோள்களை அணைத்துப் பிடித்தால் வேலை பாதியாகும்.

மடலின் அடிப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து மேலேயும் சற்றுப் பின்னுக்கும் இழுங்கள். அப்போது 'ட'வின் மூலை கொஞ்சம் நிமிரும். திரவத்தைக் குழாயின் சுவரில் வழியவிட்டு, வாசல் வரை நிரம்பினால் நிறுத்துங்கள். அரை மில்லிலீற்றரிலிருந்து ஒரு மில்லிலீற்றர் வரைதான் பிடிக்கும். போத்தலின் முனை காதில் தொடக்கூடாது. தொட்டால் காதிலுள்ள பக்டீரியா போத்தலுக்குள் போகும், அடுத்த கிழமை மருந்தோடு அதையும் சேர்த்துத்தான் விடுவீர்கள். பல பூனை உள்ள வீட்டில் நோய் பரவும் வழியும் இதுவே.

இனி அவசரப்படவே கூடாத இடம். மடலை விடாமல், காதின் அடியில், தாடை எலும்புக்குப் பின்னால், பெருவிரலும் சுட்டுவிரலும் வைத்துப் பாருங்கள். தோலுக்குக் கீழே கொஞ்சம் கெட்டியான குழாய் மாதிரித் தட்டுப்படும். அதுதான் இறங்கும் குழாய். அதை மெதுவாக அமுக்கி விட்டு, அமுக்கி விட்டுப் பிசையுங்கள். "சளக், சளக்" என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் திரவம் மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் மருந்து குறைவு, அல்லது விரல் சரியான இடத்தில் இல்லை. 20 முதல் 30 விநாடி பிசைய வேண்டும். எண்ணிப் பாருங்கள், நினைப்பதைவிட நீளமாக இருக்கும். பலர் ஐந்து விநாடியில் விட்டுவிடுகிறார்கள், குறும்பி இளகுவதற்கே நேரமில்லை.

பிறகு கையை எடுங்கள், பூனை தலையை உதறட்டும். உதறவேண்டும். மூலையில் கிடப்பதை மேலே கொண்டுவருவது அந்த உதறல்தான், எந்தக் குச்சிக்கும் அந்தத் திறமை இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், சுவரில் தெறிக்கும். பிறகு கொட்டன் வூல் அல்லது கோஸ் துணியை விரலில் சுற்றி, வாசலிலும் மடலின் மடிப்புகளிலும் வந்து நிற்பதை மட்டும் ஒற்றி எடுங்கள். விரல் போகும் ஆழம் வரைதான், அதற்குக் கீழே இல்லை. ஒவ்வொரு காதுக்கும் புதுப் பஞ்சு.

பஞ்சை எறிய முன் நிறத்தைப் பாருங்கள். ஐதான பிளேன்ரீச் சாயம் போல இருந்தால் வழமையான குறும்பி. கோப்பித் தூள் மாதிரிக் கறுத்து, காய்ந்து, பொருபொருவென்று இருந்தால் உண்ணிச் சந்தேகம். மஞ்சளோ பச்சையோ கலந்து பிசுபிசுத்து, நாற்றமும் இருந்தால் பக்டீரியா. அங்கே வீட்டுக் கழுவலை நிறுத்தவேண்டும். கடும் மண்ணிறத்தில் எண்ணெய்ப் பசையோடு, புளித்த மாவின் மணத்தோடு வந்தால் பூஞ்சணமாக இருக்கக்கூடும். நிறத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அது சொல்லும்.

காதுக்குள் எதையும் ஊற்றவே விடாத பூனைக்கு ஒரு மாற்று வழி உண்டு. பஞ்சு உருண்டையைத் திரவத்தில் நன்றாக நனைத்து, சத்தமில்லாமல் வாசலில் வைத்து, மடலை மூடி, அப்படியே பிசையுங்கள். பிழிந்து இறங்கும் அளவு குறைவுதான், ஆனாலும் இறங்கும். போத்தலிலிருந்து வரும் "புஸ்" சத்தம்தான் பல பூனைகளுக்குப் பயம், மருந்து அல்ல. ஸ்பிரே வகைக் காது மருந்தை நாங்கள் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம்.

கழுவி முடிந்து சில நிமிடம் தலையை உதறுவதும் காதைத் தேய்ப்பதும் சாதாரணம். மறுநாளும் தொடர்ந்தால் ஏதோ பிழை. எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்றால், குறும்பி சேரும் பூனைக்கு ஆரம்பத்தில் கிழமைக்கு ஒன்று, காது தெளிந்ததும் மாதத்துக்கு ஒன்றிரண்டு, பிறகு பார்த்துத் தேவையானால் மட்டும். ஒவ்வொரு நாளும் கழுவினால் தோல் ஊறி வெளுத்து, சிவந்து, நோயில்லாத காதில் நோய் வரும்.

ஈரத் துடைப்பான் பக்கம் வருவோம். இதன் எல்லை மடல்தான். அந்த எல்லைக்குள் இது நல்ல சாமான்: புழுதி, மடிப்புக்குள் சேர்ந்தது, கழுவியபின் வெளியே வடிந்தது எல்லாம் எடுக்கும். விரலில் மாட்டும் உறை மாதிரி வரும் வகை, சாதாரணத் துடைப்பானைவிடக் கைக்கு அடக்கம். வாசனை சேர்க்காதது, அற்ககோல் இல்லாதது பார்த்து வாங்குங்கள். குழந்தைகளுக்கு விற்கும் துடைப்பானை அவசரத்துக்குப் பாவித்தால் வாசனை இல்லாததாக இருக்கட்டும். நகரத்துக்கு வெளியே, வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இதைத் தேடி அலையத் தேவையில்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்த கோஸ் துணி இதே வேலையைச் செய்யும்.

காதுப் பவுடர், காதுக்குள் மயிர் அடர்ந்து வளரும் நாய்களுக்காகச் செய்தது. மயிரைப் பிடித்துப் பிடுங்க வழுக்காமல் இருக்கவே அந்தத் தூள். பூனைக் காதுக்குள் போட்டால் குறும்பியோடு குழைந்து கட்டியாகும். பூனையின் காது மயிரைப் பிடுங்கவும் கூடாது.

பாமசியில் கிடைக்கும் சேலைனைப் பற்றிக் கேட்பார்கள். 0.9 வீதச் சேலைன் சாதுவானது, எரியாது. ஆனால் குறும்பியைக் கரைக்காது, காதை உலர்த்தவும் செய்யாது. மடலில் காய்ந்த பொருக்கை நனைத்து எடுக்க நல்லது. 500 மில்லிலீற்றர் போத்தலை ஒருமுறை துளைத்துவிட்டு மாதக்கணக்கில் வைத்துப் பாவிப்பதைவிட, 5 அல்லது 10 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் குப்பி கிடைத்தால் வாங்குங்கள்.

வீட்டிலிருக்கும் சாமான்களில் தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் ஒரு சின்ன இடம் உண்டு. மடலில் ஒட்டிய பொருக்கை ஒரு சொட்டால் இளக்கித் துடைக்கலாம். குழாய்க்குள் ஊற்றினால் எண்ணெய் வெளியே வராது, புழுதி ஒட்டும், பிறகு டொக்டர் கருவி வைத்துப் பார்த்தாலும் செவிப்பறை தெரியாது. வேப்பெண்ணெய், உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய், கற்பூரம் கலந்த தைலம் எதுவும் பூனைக்கு ஆகாது. டெட்டோல் தண்ணீரும் அப்படியே. அதிலுள்ள பீனோல் வகைப் பொருளைப் பூனையின் உடலால் சமாளிக்க முடியாது. ஹைட்ரஜன் பெரொக்சைட் நுரைக்கும், அந்த நுரையின் இரைச்சல் காதுக்குள்ளேயே கேட்டுப் பூனை வெருளும், தோலும் கரிக்கும். மனிதருக்கு விற்கும் குறும்பி இளக்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பென்சோகெயின், டர்ப்பன்டைன் எண்ணெய் இருக்கின்றன. பென்சோகெயின் பூனையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனைக் கெடுக்கும். முரசு நீலம் பாய்ந்து, மூச்சுத் திணறும். அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கும் பிள்ளைகளின் காது மருந்தை எடுத்து விடாதீர்கள்.

உண்ணிச் சொட்டைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும். குட்டிகளிலும் தெருவிலிருந்து வந்த பூனைகளிலும் காது ஊத்தைக்கு முதல் காரணம் ஒட்டோடெக்டெஸ் சைனோட்டிஸ் என்ற காது உண்ணி. பஞ்சில் வந்த கறுப்புத் தூளைக் கறுப்புக் கடதாசியில் உதறி, பூதக்கண்ணாடியும் டோர்ச்சும் வைத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் ஊரும். தெரியாவிட்டால் இல்லை என்று முடிவெடுக்காதீர்கள், நுணுக்குக்காட்டியில்தான் உறுதி.

இங்கே கழுவும் திரவத்தின் எல்லையைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அது ஊத்தையைக் கழுவும், உண்ணியைக் கொல்லாது. இரண்டு நாள் காது பளிச்சென்று இருக்கும், பிறகு முட்டைகள் பொரிக்கும். முட்டையிலிருந்து முட்டையிடும் உண்ணி வரை ஒரு சுற்றுக்குச் சுமார் 3 கிழமை. வாரக்கணக்கில் கழுவியும் கறுப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் போத்தலில் பிழையில்லை, நோயைப் பிழையாகப் பிடித்திருக்கிறீர்கள்.

இப்போது உண்ணிக்கு நம்பிக்கையான வழி காதுக்குள் விடும் சொட்டு அல்ல, பிடரித் தோலில் இடும் மருந்து. செலாமெக்டின் அப்படி ஒன்று, மொக்சிடெக்டினும் இமிடாக்ளோபிரிட்டும் சேர்ந்தது இன்னொன்று. பூனை காதைக் காட்டவே தேவையில்லை. நிறையைப் பார்த்து, வயதைப் பார்த்து, டொக்டர் எழுதித் தரவேண்டிய மருந்துகள் இவை. மொக்சிடெக்டின் கலவையை 9 கிழமைக்குக் குறைந்த குட்டிக்கு இடக்கூடாது. ஒரு மாதம் கழித்துத் திரும்பக் காட்டினால் இரண்டாவது தடவை தேவையா என்று தெரியும். வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் ஒரே நாளில் மருந்து போடவேண்டும். ஒன்றை விட்டால் அதிலிருந்து மற்றதுக்குத் திரும்பத் தொற்றும்.

படுவான்கரையிலும் சம்மாந்துறை வயல்பக்கமும் மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மாட்டுக்குப் போடும் 1 வீத ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் 1 மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. அது 50 கிலோ மாட்டு நிறைக்குக் கணக்கு. அதே கணக்கை 2 கிலோப் பூனைக்குப் போட்டால் 0.04 மில்லிலீற்றர் வரும், ஒரு சொட்டுக்கும் குறைவு. வீட்டிலுள்ள சிரிஞ்சால் அதைப் பிழையில்லாமல் அளப்பது கஷ்டம். "ஒரு சொட்டுத்தானே" என்று கூடப் போனால் குட்டி நடுங்கி, கண் தெரியாமல், மயங்கி விழும். நாய்த் தெள்ளுக்கு விற்கும் பெர்மெத்ரின் பவுடர், சொட்டு இரண்டும் பூனைக்கு நஞ்சு. காதில் மட்டுமல்ல, உடம்பில் எங்குமே படக்கூடாது.

எந்தப் போத்தலையும் திறக்காமல் நேரே டொக்டரிடம் போகவேண்டிய அடையாளங்கள் இருக்கின்றன. தலை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, வட்டமாகச் சுற்றுவது, ஒரு கண்மணி சுருங்கி மூன்றாம் இமை வெளியே தெரிவது, இரத்தம், சீழ், தொட்டவுடன் கத்துவது, மடல் வீங்கிப் பொதுபொதுவென்று இருப்பது. இவற்றில் சில செவிப்பறை உடைந்ததைக் காட்டலாம். பறை உடைந்த காதுக்குள் விடும் திரவம் நடுக்காதுக்குப் போகும். பூனையின் நடுக்காதில் கண்ணுக்குப் போகும் நரம்புகள் மறைவில்லாமல் ஓடுகின்றன, அதனால் மற்றப் பிராணிகளைவிட இதற்குச் சேதம் சுலபம். ஒரே காதில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே சதை வளர்ந்திருக்கலாம், புல் விதை சிக்கியிருக்கலாம். வெள்ளைப் பூனையின் மடல் நுனியில் பொருக்கு விழுந்து ஆறாமல் கிடந்தால், அதைச் சொறி என்று நினைத்துக் களிம்பு பூசிக்கொண்டிருக்காதீர்கள். நிறமில்லாத தோலில் வெயில் பட்டுப் புற்றுநோய் வரும் இடம் அது. நேரத்தோடு காட்டினால் நுனியை வெட்டி உயிரைக் காப்பாற்றலாம்.

ஊரில் 'மாட்டு ஆஸ்பத்திரி' என்று சொல்லும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் பூனையையும் கொண்டுபோகலாம். போக முன் இரண்டு, மூன்று நாளுக்குக் காதைக் கழுவவேண்டாம். துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுபோனால் நுணுக்குக்காட்டியில் பார்க்க மாதிரியே இருக்காது. "செவிப்பறை தெரியுதா டொக்டர்?" என்று கேளுங்கள். ஊத்தை இறுகி அடைத்திருந்தால் மயக்க ஊசி போட்டுத்தான் கழுவ முடியும் என்பார்கள். அது வீண்செலவு அல்ல, விழித்திருக்கும் பூனையில் அந்த வேலையைச் செய்யவே முடியாது. வீட்டில் பாவித்த போத்தல்களையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். என்ன விட்டீர்கள் என்று லேபிளைப் பார்த்தே அவர் தெரிந்துகொள்வார்.

கழுவும்போது பூனை கடித்தாலோ பிராண்டினாலோ மஞ்சள் அப்பிவிட்டு இருக்கவேண்டாம். காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைக்கு விசர் நாய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.